கேமராவுக்குப் பின்னாலிருந்த குரல்

திரையில் ஐம்பத்திரண்டு சதவீதம் என்று நின்றது. போன தடவை பார்த்தபோதும் ஐம்பத்திரண்டுதான். போன தடவை என்பது இரண்டு நிமிஷத்துக்கு முன்பா, இருபது நிமிஷத்துக்கு முன்பா என்று உலகநாதனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவர்க்கடிகாரம் பதினொன்றே காலைக் காட்டியது, அதை நம்பலாம், ஆனால் இதற்கு முன் அதைப் பார்த்தபோது என்ன மணி காட்டியது என்பது மறந்துபோயிருந்தது. அலமாரியின் நடுத்தட்டில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது, இரண்டு ரொட்டியை நிமிர்த்தி வைத்த அளவில், முன்பக்கம் இரண்டு விளக்கோடு, ஒன்று அசையாத பச்சை, மற்றது ஆரஞ்சு நிறத்தில் கண்ணைக் கண்ணை மூடித் திறந்துகொண்டு. வீட்டிலிருக்கிற எந்தக் கணினியிலிருந்தும் எந்தப் போனிலிருந்தும் திறந்து பார்க்கலாம், குடும்பத்தின் அத்தனை படமும் அத்தனை காணொளியும் அதற்குள். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க் தட்டுகள், ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் எழுதப்படும். ஆறு வருஷத்துக்கு முன், ஜெர்மனியை விட்டு வந்து பெருமாள்புரத்தில் இந்த வீட்டுக்குள் பெட்டியை வைத்த அன்று, மனைவி கோமதியிடம் இரண்டு விரலை நீட்டி அப்படித்தான் விளக்கினான், ஒரு விரலை மடக்கி, இது செத்தாலும் இது இருக்குல்லா என்றான், அவள் நீட்டியிருந்த விரலைத் தொட்டு, இது செத்தா? என்றாள், ரெண்டும் ஒன்னுபோலச் சாகுமா, கூறு இருக்கா உனக்கு என்று சிரித்தான். இன்று காலை ஒரு விரல் மடங்கிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்த புதுத்தட்டைச் சொருகி ஏழரைக்கு ஆரம்பித்தான். உயிரோடிருக்கும் பழைய தட்டு தன்னிடமுள்ளதை ஓர் எழுத்து விடாமல் புதுத்தட்டுக்கு ஒப்பித்து முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிடும். அதுவரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. இரண்டு தட்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினான், ஒரே அட்டைப்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்து வந்தவை, ஒரே நாளில் சுற்ற ஆரம்பித்தவை. ஒன்னுபோலச் சாகுமா. பெட்டி தன் நிலையை ஆங்கிலத்தில் டிகிரேடட் என்று சொல்லியிருந்தது. அதற்குத் தமிழில் என்ன என்று மனம் வேலையற்றுப் போய்த் தேடியது. தரம் தாழ்ந்தது. மதிப்புக் குலைந்தது. பதவி இறக்கப்பட்டது. மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரி அறிக்கைகளையும் இப்படித்தான் ஒரு மொழியில் படித்துவிட்டு இன்னொரு மொழியில் அவளுக்குச் சொன்னான், ஒவ்வொரு சொல்லையும் ஒரு படி இறக்கி, ஆறப்போட்டு, ஊதி ஊதிச் சொன்னான், அவளுக்குப் புரியாமல் போனது ஒன்றுமில்லை. பெட்டிக்குள் டக் என்றது. காலையில் இந்தச் சத்தம் இல்லை. இருந்ததோ, கேட்கவில்லையோ. மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். காற்றாடியின் உர்ரென்ற ஓட்டம் மட்டும். பிறகு மறுபடி டக்.

யாரைச் சொல்ல. மாமாவைச் சொல்லலாம், சொல்ல முடியாது. கோமதியின் அப்பா நமச்சிவாயம் பஸ் டெப்போவில் முப்பத்தாறு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர், மாமியார் காலமானதிலிருந்து இவர்களோடுதான் இருக்கிறார், அவருக்குத் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிசு. நேற்றுக் காலை உலகநாதன் குளித்துவிட்டு வரும்போது கூடத்தில் வாழையிலை விரித்து வீட்டிலுள்ள கருவி அத்தனையையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார், மிக்சி, இஸ்திரிப்பெட்டி, அவருடைய பழைய ஸ்பேனர் செட்டு, அரிவாள்மனை, நடுநாயகமாக இந்தக் கறுப்புப் பெட்டி. பிளக்கைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, நெற்றி என்று அவர் கருதிய இடத்தில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தார். "எந்நேரமும் முணுமுணுன்னு ஓடிக்கிட்டே கிடக்கு மாப்ள, பாவம். கருவின்னா இன்னைக்கு ஒருநாளு படுத்து உறங்கணும். டெப்போல இந்த நாள்ல ஸ்பேனரத் தொட்டவன் மறுநாளு கையில கட்டுப் போட்டுக்கிட்டுதான் வந்திருக்கான்." அப்போதே வாய் திறந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காக நிற்காமல் சுற்றிய தட்டுக்கு ஓட்டத்தைவிட நிற்பதுதான் ஆபத்து, நின்று குளிர்ந்தால் மறுபடி கிளம்பாமல் போகக்கூடும் என்பது உலகநாதனுக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் என்ன செய்தான், போனை எடுத்துப் படம் பிடித்தான். அந்தக் கறுப்புக்கு மேல் அந்த மஞ்சளும் சிவப்பும் அவனுக்கு அழகாகப் பட்டது. இருபத்தொரு வருஷம் ஜெர்மனியில், ஹனோவரில், குளிரில் கிடந்துவிட்டு வந்தவனுக்கு ஒரு இயந்திரத்தின் நெற்றியில் பொட்டைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது, அசடு, வெளியூர்க்காரனைப்போல நின்று படம் பிடித்தான், அந்தப் படம்கூட இந்தப் பெட்டிக்குள்தான் வந்து சேர வேண்டும். மாமாவுக்குத் தெரியாது. தெரிந்தவன் இவன். அப்படியானால் யார் பிடுங்கியது.

ஐம்பத்தெட்டு. அடுப்படியில் குக்கர் மூடி கழன்று விழும் சத்தம் கேட்டது, கோமதிதான். பேச்சில்லாத வீட்டில் பாத்திரங்கள் கூடுதலாகப் பேசுகின்றன, இல்லை, முன்பும் இவ்வளவுதான் பேசியிருக்கும், அவள் குரலுக்குக் கீழே கிடந்திருக்கும். குரல்வளையை எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. கழுத்துக் குழியில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாகத்தான் மூச்சு, அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தான், ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள், பலகையில் எழுதிக் காட்டினாள்: அது பேசுது, நான் பேசல. அதிலிருந்து பலகையும் கைதட்டலும்தான். ஒரு தட்டு என்றால் வாங்க, இரண்டு தட்டு என்றால் சாப்பிட வாங்க. அவள் பேசியதெல்லாம் எங்கே இருக்கிறது என்றால் இங்கே இருக்கிறது, இந்த அலமாரியில், டக் டக்கென்று சொல்லிக்கொண்டிருக்கும் இந்த ஒற்றைத் தட்டில். வேறெங்கும் இல்லை. வீட்டில் கேமராவைப் பிடித்தவள் எப்போதும் அவள்தான், மகள் வடிவு தவழ்ந்ததையும் பள்ளிக்கூடம் போனதையும் உலகநாதன் முதல் கார் ஓட்டிச் சுவரில் இடித்ததையும் அவள்தான் எடுத்தாள், எடுத்துக்கொண்டே ஓயாமல் பேசினாள், இங்க பாருட்டி, சட்டைய இழுத்து விடு, உங்கப்பாவப் பாரு திருட்டு முழி முழிக்காவ. அவள் எடுத்தது ஆயிரத்து நானூறு காணொளி. ஒன்றில்கூட அவள் முகம் கிடையாது, எல்லாவற்றிலும் அவள் குரல் உண்டு. மூன்று தடவையோ நான்கு தடவையோ இவன் கேமராவை வாங்கி அவள் பக்கம் திருப்பியிருக்கிறான், திருப்பியதும் கையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு வாயை இறுக்க மூடிக்கொள்வாள். அதனால் முகமிருக்கிற இடத்தில் குரலில்லை, குரலிருக்கிற இடத்தில் முகமில்லை, இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் உலகத்தில் இவன் ஒருவன்தான், இவனோ கவனித்துப் பார்க்கவில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

அசல் கேசட்டுகள் இருந்தன. நூற்றுப் பன்னிரண்டு சின்ன கேசட்டுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் அவள் கையெழுத்து. ஊருக்குத் திரும்புகிற வருஷம் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினான். பிறகு பெட்டி கட்டுகிற வாரம் வந்தது. விமானத்தில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ, கையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கிற தராசை வைத்துக்கொண்டு சட்டை முதல் சட்டுவம் வரை நிறுத்துப் பார்த்தான். கேசட்டுகள் நாலு கிலோ நூறு கிராம். வீட்டிலேயே ரொட்டி சுடுகிற இயந்திரம் நாலரைக் கிலோ. இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். ஊரில் நல்ல ரொட்டி கிடைக்காது என்று அன்று அவனுக்கு எவ்வளவு பெரிய கவலை. கேசட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றதாகத்தான் ஞாபகம், கோமதி கட்டில்மேல் ஏறி நின்று திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், தூக்கிப் போடுங்க, அதான் ஏத்தியாச்சுல்லா, என் தொணதொணப்ப யாரு உக்காந்து கேக்கப் போறா. தூக்கிப் போட்டான். கீழே முற்றத்தில் நாலு நிறத்தில் நாலு தொட்டி, எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்பதில் அந்த ஊர்க்காரர்கள் கறாரானவர்கள், கேசட்டு எதில் சேரும் என்று நின்று யோசித்து, மூடியில் எழுதியிருந்ததைப் படித்துச் சரியான தொட்டியில் போட்டுவிட்டு மேலே வந்தான். ரொட்டி இயந்திரம் பரண்மேல் இருக்கிறது. இரண்டே தடவை சுட்டார்கள். வடிவு பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் சொல்வாள், அப்பா, வெளிய இன்டர்நெட்டுல எங்கயாவது ஒரு காப்பி போட்டு வைங்கப்பா. போடுவோம் போடுவோம் என்பான். அம்மா குரலை எவனோ முன்பின் தெரியாதவன் கட்டடத்தில் கொண்டுபோய் ஏன் வைக்க வேண்டும் என்று ஒரு நாள் பிரசங்கமே செய்தான்.

அறுபத்துநான்கு. டக். இந்த முறை இரண்டாவது டக் சீக்கிரம் வந்தது. காலையில் முதல் வேலையாக அவளுடைய காணொளிகளை மட்டுமாவது மடிக்கணினிக்கு எடுத்திருக்க வேண்டும், எந்த மடையனும் முதலில் அதைத்தான் செய்வான், இவன் பதறியடித்துப் புதுத்தட்டைச் சொருகினான், இப்போது பழைய தட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே சீராக ஒப்பித்துக்கொண்டிருக்கிறது, நடுவில் புகுந்து அங்கே ஒன்று எடு, இங்கே ஒன்று எடு என்றால் அதைப் படிக்கிற முள் அங்குமிங்கும் ஓடி அலைய வேண்டும், களைத்துக் கிடக்கிறதை ஓடச் சொல்வது. இணையத்தில் இதைக் கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாதிப்பேர் உடனே எடு, ஒரு நிமிஷம் தாமதிக்காதே என்கிறார்கள். மீதிப்பேர் தொடாதே, அந்த அறையில் நடக்கக்கூடச் செய்யாதே என்கிறார்கள். எடு. தொடாதே. ஒன்றையாவது எடு. எதை. ஆயிரத்து நானூறில் எதை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதெல்லாம் போகட்டும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா, யார் காதில் விழுகிறது, யார் காதிலும் இல்லை, ஆனாலும். சரி, போய்விட்டதென்றே வைத்துக்கொள், தலைக்குள் இல்லையா அவள் குரல். கண்ணை மூடிக்கொண்டு தேடினான். இங்க பாருட்டி வந்தது. திருட்டு முழி வந்தது. எல்லாம் காணொளியில் உள்ளவை, மத்தியான வேளைகளில் ஆபீஸ் வேலை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்தவை. பதிவாகாத ஒன்றைச் சொல். கல்யாணமான புதிதில் ஏதோ சொன்னாளே. முதல் குளிர்காலத்தில் ஜன்னலோரம் நின்றுகொண்டு. சொற்கள் வந்தன, குரல் வரவில்லை. சொற்களை உலகநாதனே தன் குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். தூக்கிப் போடுங்க என்று சற்றுமுன் கேட்டதும் அவள் குரல்தானா, தன் குரலைக் கொஞ்சம் மெல்லிசாக்கிக்கொண்டு இவனே சொன்னதா. அப்படியானால் தலைக்குள் ஒன்றுமில்லை. நம்பி இறக்கி வைத்தாகிவிட்டது, சுமையை இறக்கி வைத்தவன் தோள்போல மண்டை காலியாகிவிட்டது.

"என்ன மாப்ள, காலையிலருந்து பெட்டி முன்னாலயே இருக்கிய. முட்டை கிட்டை போடப் போவுதா?" மாமா வாசலில் நின்றார், தோளில் துண்டோடு. கூடத்தில் டிவியில் விஜயதசமிப் பட்டிமன்றம் கைதட்டிக்கொண்டிருந்தது. "ஒன்னுமில்ல மாமா. ஒரு வேலை ஓடுது." "ஓடட்டும் ஓடட்டும். நேத்து உறங்கி எந்திரிச்சது, இன்னைக்கு நல்லா ஓடும்." அந்த நேரம் பார்த்து டக் என்றது. மாமாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எண்பது வயதை நெருங்குகிற முகத்தில் சட்டென்று டெப்போ வந்து உட்கார்ந்தது. போனார், நீளமான ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார், உலகநாதன் எழுவதற்குள் அதன் நுனியைப் பெட்டியின் விலாவில் வைத்துக் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் பொருத்திக்கொண்டார். "மாமா, வேண்டாம், தொடாதீங்க." "அட இருங்க. நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்." கண்ணை மூடிக்கொண்டார். உலகநாதனுக்கு இதற்கு முன் ஒரு தடவை இந்த மாதிரி நின்றது ஞாபகம் வந்தது, டாக்டர் கோமதியின் கழுத்தை விரலால் அமுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தபடி இருந்தபோது. "பேரிங் பேச ஆரம்பிச்சிட்டு மாப்ள." "அப்படின்னா?" "அப்படின்னா ஓடுத வரைக்கும் ஓடும். நிப்பாட்டிரப்படாது. இந்தப் பதத்துல நிப்பாட்டுனா மறுபடி கெளம்பாது. நாங்கல்லாம் இப்படி வண்டின்னா டீ குடிக்கதுக்குக்கூட ஆஃப் பண்ண மாட்டோம், பாத்துக்கிடுங்க." இதைச் சொல்லிவிட்டு, துண்டால் பெட்டியின் நெற்றியில் காய்ந்து உதிர்ந்திருந்த சந்தனத்தை மெதுவாக ஒற்றி எடுத்தார், காற்று போகிற துளைகளில் விழாதபடி, அவ்வளவு கவனமாக. உலகநாதனின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. நீங்கதான் மாமா நிப்பாட்டினிய. விழுங்கினான். அவர் திரும்பிக் கூடத்துக்குப் போனார்.

எழுபத்தொன்று. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையிலிருந்து எடுத்து மேஜைக்கால்மேல் வைத்திருந்தது. கரண்ட் போனால் என்ன செய்வது. பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும். ஐப்பசி பிறக்கப் போகிற வானம், மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் முதல் இடிக்கே இந்தத் தெருவில் கரண்டை எடுத்துவிடுவான். எழுந்து போய் ஜன்னலில் வானத்தைப் பார்த்தான், மேகம் இல்லை, திரும்பி வருவதற்குள் ஏதாவது ஆகியிருக்கும் என்று ஓடி வந்தான். எழுபத்திரண்டு. இரண்டு தட்டு கேட்டது. டக் டக். இல்லை, கைதட்டல். அடுப்படியிலிருந்து. சாப்பிட வாங்க. "ஒரு நிமிஷம்" என்று குரல் கொடுத்தான், கொடுத்துவிட்டு, எதற்குக் கத்தினோம், எதிர்க்குரல் கொடுக்க முடியாதவளைப் பார்த்து இங்கிருந்தே கத்துவது என்ன வழக்கம் என்று கூசினான், கூசியும் எழுந்திருக்கவில்லை. எழுபத்தைந்து. மறுபடியும் இரண்டு. போகவில்லை. எழுபத்தெட்டு. தான் விலகிப் போனால் அது நின்றுவிடும் என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. தான் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் அது ஓடுகிறது. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்த ஏழு மணி நேரமும் ஆபரேஷன் தியேட்டர் கதவை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணை எடுக்கவில்லை, அன்றும் உள்ளே அவர்கள் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கோமதி வந்து பக்கத்தில் நின்றது துணியில் ஒட்டியிருந்த பெருங்காய வாசனையில்தான் தெரிந்தது. கையில் பலகை. திட்டப் போகிறாள் என்று நினைத்தான். எவ்வளவு? என்று எழுதியிருந்தாள். "எது எவ்வளவு?" திரையைக் காட்டினாள். எழுபத்தொன்பது. துடைத்துவிட்டு எழுதினாள்: நான் பேசுனதெல்லாம் அதுலதானே இருக்கு. "உனக்கு எப்படி..." அவள் பேனா முனையை அழுத்தி எழுதினாள்: மூணு வருஷமா கதவச் சாத்திக்கிட்டு பாட்டா கேட்டீங்க? அழுதுக்கிட்டே பாட்டு கேக்குத ஆள நான் வேற எங்கயும் பாத்ததில்ல. அவள் துடைத்தாள், எழுதினாள்: அப்பா பிளக்கப் புடுங்குனதும் தெரியும். அவங்ககிட்ட சொல்லிராதீங்க, தாங்க மாட்டாங்க. தலையாட்டினான். அதோடு போய்விடுவாள் என்று பார்த்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எழுதினாள்: ஒன்னு போடுங்க, கேக்கணும்.

மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்தப் பக்கம் திரும்பியதில்லை. இன்றைக்கா. "கோமதி, இப்ப வேண்டாம். மூணு மணி வரைக்கும் பொறு. இப்ப நடுவுல எடுத்தா தட்டு தாங்காது. மாமாவே சொன்னாவ, பேரிங் போகுதாம். முடிஞ்சதும் போடுதேன், எத்தனை வேணும்னாலும் போடுதேன், நாள் முழுக்க உக்காந்து கேளு." கெஞ்சினான். அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுதினாள்: போறதுன்னா போறதுக்கு முன்னாடி கேக்க வேண்டாமா? அவன் தலையை அசைத்துக்கொண்டே இருந்தான், இல்லை இல்லை என்று, அது அவளுக்குச் சொன்னதில்லை. அவள் பலகையைத் துடைத்தாள், வெகுநேரம் துடைத்தாள், சுத்தமான பிறகும் துடைத்தாள். பிறகு சின்ன எழுத்தில், பலகையின் கீழ் ஓரத்தில்: எனக்கு மறந்துட்டு. எப்படி இருக்கும்னு. நிமிர்ந்தபோது அவள் கண்ணிலிருந்ததும் பயம்தான், காலையிலிருந்து தனக்கு மட்டும்தான் என்று இவன் வைத்துக்கொண்டிருந்த அதே பயம், அவளிடம் மூன்று வருஷப் பழசாக.

"எது?" என்றான். அப்பா ஹனோவருக்கு வந்தப்ப எடுத்தது, பனியில நடந்தது, என்று எழுதினாள். மவுஸைப் பிடித்தான். வருஷங்களின் வரிசை திறந்தது, அந்த வருஷத்தைத் தொட்டதும் பெட்டிக்குள் டக் டக் டக் என்றது, திரையில் வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது, சுற்றியது, சுற்றியது, போச்சு, கொன்றுவிட்டேன், என் கையாலேயே, கோமதி அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், விரல்கள் ஐஸாக இருந்தன, வட்டம் நின்றது, திரை முழுக்க வெள்ளை. வெள்ளைக்கு நடுவில் இவனுடைய பழைய கோட்டுக்குள் புதைந்து, குரங்குக் குல்லாவோடு மாமா, ஒவ்வொரு அடியையும் சோதித்துச் சோதித்து வைத்துக்கொண்டு. படம் குலுங்கிற்று, எடுப்பவள் சிரிக்கிறாள். ஸ்பீக்கர் இவன் நினைத்ததைவிடச் சத்தமாக வைக்கப்பட்டிருந்தது. "யப்பா, அங்க போகாதீங்க, வழுக்கும். இந்தப் பக்கமா வாங்க. யப்பா. சொன்னா ஒரு நாளாவது கேக்கீங்களா. யப்போவ்." கரகரப்பு ஒன்று இருந்தது அடியில். ஹெட்போனில் இது எப்படி இவனுக்கு விழாமல் போயிற்று. கோமதி அசையவில்லை. அவள் உதடு மட்டும் கொஞ்சம் பிரிந்து, அறிமுகமில்லாத யாரோ ஒருத்தியை வாசலில் பார்த்தவள்போல இருந்தது.

கூடத்திலிருந்து, "இந்தா வாரேன்ட்டி" என்றது குரல். பட்டிமன்றம் நின்றது. செருப்பை இழுத்துக்கொண்டு வரும் சத்தம், அவசரமாக, சுவரில் ஒரு கை உரசும் சத்தம். மாமா வாசலில் வந்து நின்றார், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மகளைத்தான் பார்த்தார். "கூப்பிட்டியா?" கோமதி பலகையை எடுக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள். "என்னத்துக்கு?" அவள் உதடுகளை மெதுவாக, இரண்டு அசைவாக அசைத்தாள். அதை அவர் எட்டி நின்றே படித்தார். "சும்மாவா. சும்மாத்தான் கூப்பிட்டியாக்கும்." அப்போதுதான் திரை கண்ணில் பட்டது. வெள்ளைக்குள் நடந்துகொண்டிருந்த கிழவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஆரஞ்சு விளக்கைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ. உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மகளின் தோள்மேல் கையை வைத்துக்கொண்டார். "இன்னொருக்கா கூப்பிடச் சொல்லுங்க மாப்ள."

பெட்டிக்குள் டக் என்றது, அதன் பின்னால் இன்னொன்று, இடைவெளி இல்லாமல். உலகநாதன் படத்தைத் தொடக்கத்துக்கு இழுத்தான்.